மறுதேர்வுக்கு ஒரு பூசை

ஜாய்ஸ் ஒரு பொய் சொன்னாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்துகொண்டு, 'இவளுக்காகவா இவ்வளவு நேரம் வருத்தப்பட்டோம்' என்று நீங்கள் முகம் திருப்பிக்கொள்ளக் கூடாது பாருங்கள். பொய் ரொம்பச் சின்னது. "பாஸாயிட்டேன் சார்." அவ்வளவுதான். திருபுவனையில் பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியில், மிஷின் இரைச்சலுக்கு நடுவே, சூப்பர்வைசர் லியோ பிரகாஷ் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் அது.

எதற்குச் சொன்னாள் என்று கேட்டுவிட்டுப் பிறகு திட்டுங்கள்.

வில்லியனூருக்கு மேற்கே, மாதா கோயிலைச் சுற்றி வீடுகள் எழும்பிய ஓர் ஊர். அங்கே குத்தகைக்கு நெல் வைக்கிற யாகப்பனுக்கும் இன்பமேரிக்கும் ஒரே மகள் ஜாய்ஸ். பிளஸ் டூவில் தொழிற்பிரிவு எடுத்துத் தையல் படித்தவள். கணக்குப் பாடம் பத்தாம் வகுப்போடு அவளை விட்டுப் போய்விட்டது. போனதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. படிப்பு முடிந்ததும் பஸ் ஏறிப் போய் இந்தக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தாள். பெல்ட்டில் மூடிகள் வந்து விழும். பையில் நிரப்பி, வாயை ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டேதான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த இடம் கன்றிப்போயிருக்கும்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குவாலிட்டி பிரிவு. அங்கே நாற்காலி உண்டு, ஏசி உண்டு, வெள்ளைக் கோட்டு உண்டு. மூடியின் அகலத்தையும் கனத்தையும் அளந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, சரக்கை அனுப்பலாமா கூடாதா என்று சொல்கிற வேலை. அங்கே உட்கார்ந்திருக்கிற பெண்களை மேடம் என்று கூப்பிடுவார்கள். இந்தப் பக்கம் நிற்பவர்களுக்குப் பெயரே கிடையாது. "ஏய் பேக்கிங், பெட்டி எங்க?" என்றுதான் சத்தம் வரும்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு சேதி வந்தது. ஈஸ்டருக்குப் பிறகு பேக்கிங்குக்கு ஆளில்லாமல் ஓடுகிற மிஷின் வருகிறது. கான்ட்ராக்ட் பெண்கள் எல்லோரையும் நிறுத்தப்போகிறார்கள். குவாலிட்டியில் மட்டும் இரண்டு இடம் இருக்கிறது, நிரந்தர வேலை. ஆனால் வருகிறவர்கள் நெடுஞ்சாலையோரத்துக் கல்லூரியில் நடக்கிற ஆரம்ப அல்ஜீப்ரா வகுப்பில் தேறியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் கணக்கு எடுக்காமல் கல்லூரிக்குள் வந்துவிட்ட முதலாண்டுப் பிள்ளைகளுக்காகச் சாயங்காலம் வைக்கிற வகுப்பு அது. வெளியாட்களும் சேரலாம்.

மேனேஜர் பெயர் கேட்டபோது லியோ பிரகாஷ் இரண்டு பேரைச் சொன்னார். ஒருத்தி புவனேஸ்வரி, திருபுவனைக்குப் பக்கத்தில் கரும்பு போடுகிற வீட்டுப் பெண், நறுக்கென்று பேசுகிறவள். இன்னொருத்தி ஜாய்ஸ். லியோ பிரகாஷும் ஜாய்ஸின் ஊர்தான், ஒரே பங்கு, அதாவது ஒரே மாதா கோயிலைச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவர் அவர். கோயிலில் அவரை அண்ணே என்பாள், கம்பெனியில் சார் என்பாள். "எங்க பங்குப் பொண்ணு சார், நம்பலாம்" என்று மேனேஜரிடம் அவர் சொன்னதைப் புவனா தன் காதால் கேட்டாள்.

அப்படித்தான் ஷிஃப்ட் முடிந்த கையோடு இரண்டு பேரும் கல்லூரிக்குப் போனார்கள். வகுப்பில் எல்லாம் சின்னப் பிள்ளைகள். இவர்களை அக்கா என்றார்கள். பாடம் எடுத்தவர் செல்வகுமாரி மிஸ், பாகூர் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். அவர் கரும்பலகையில் x என்று எழுதியபோது ஜாய்ஸ் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துகொண்டாள்.

கணக்கு என்றதும் நீங்கள் எழுந்து போய்விடாதீர்கள், கொஞ்சம்தான் வரும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் கணக்கை எப்படிப் படிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? புத்தகத்தில் போட்டுக் காட்டியிருக்கிற கணக்கை எண்ணோடும் விடையோடும் அப்படியே செபம் மாதிரி மனப்பாடம் பண்ணிவிடுவார்கள். ஜாய்ஸும் அதைத்தான் செய்தாள். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். புவனா இடுப்பில் குத்துவாள்.

"ஏய், இன்னாடி கணக்க போயி முணுமுணுன்னு சொல்லிகினு வர? செபமாலையா உருட்டற?"

"நீ சும்மா இருடி. எனக்கு இப்படித்தான் ஏறும்."

மாசிக் கடைசியில் தேர்வு வந்தது. தாளைத் திருத்திக் கொண்டுவந்த அன்று மிஸ் ஜாய்ஸைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மூணு x கூட்டல் ஏழு, இருபத்தஞ்சு. x எவ்ளோம்மா?"

"அஞ்சு மிஸ்."

"எப்படி?"

"புக்ல அப்படித்தான் மிஸ் இருக்கு."

"புக்ல இருபத்திரெண்டு இருக்கு. நான் இருபத்தஞ்சு குடுத்திருக்கேன்." மிஸ் தாளைத் திருப்பிக் காட்டினார். எல்லாக் கணக்கும் அப்படித்தான். மிஸ் எண்ணை மாற்றியிருந்தார், ஜாய்ஸ் புத்தகத்து விடையை எழுதியிருந்தாள். "இத நீ எழுதலம்மா, புக் போட்டவரு எழுதியிருக்காரு. நான் மார்க் போட்டா அவருக்குத்தான் போடணும்."

முன்பெஞ்சில் இருந்த தமிழ்க்குமரன் என்கிற பையனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அக்கா, அடுத்த வாட்டி புக்க மட்டும் பஸ் ஏத்தி அனுப்பிடுங்க. நீங்க வூட்ல ரெஸ்ட் எடுங்க."

வகுப்பே சிரித்தது. ஜாய்ஸும் கூடச் சிரித்துவைத்தாள். புவனா பாஸ். ஜாய்ஸைப் போலத் தவறியவர்களுக்குப் பங்குனியில் ஒரு மறுதேர்வு உண்டு, அதில் தேறினால் அதே சர்ட்டிபிகேட்தான், கவலைப்படாதே என்றார் மிஸ்.

மறுநாள் காலை, பெல்ட் ஓட ஆரம்பித்த உடனே லியோ பிரகாஷ் வந்தார்.

"ரிசல்ட் வந்துடுச்சாமே. மேனேஜருக்கு இன்னிக்கே பேர் போவணும். திரும்ப எழுதற கேஸெல்லாம் வேணாம்னுட்டாரு. நீ பாஸ்தான?"

ஜாய்ஸ் புவனாவைப் பார்த்தாள். புவனா பெட்டியைப் பார்த்தாள்.

"பாஸாயிட்டேன் சார்."

சர்ட்டிபிகேட் கைக்கு வருவதே ஈஸ்டருக்குப் பக்கத்தில்தான். அதற்குள் மறுதேர்வு எழுதிப் பாஸாகிவிட்டால், இன்று சொன்னது அன்றைக்கு உண்மையாகிவிடும். அப்படித்தான் அவள் நினைத்தாள். நீங்களும் நானும் அந்த இடத்தில் நின்றிருந்தால் வேறு மாதிரி நினைத்திருப்போமா, எனக்குத் தெரியவில்லை.

தவறிப்போனதை வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னாள். லியோவிடம் பாஸ் என்று சொன்னதை அவளிடமும் சொல்லவில்லை, வெட்கம்.

"யாருகிட்டயும் வாயத் தொறந்துடாதம்மா. ஊருல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"நான் ஏண்டி சொல்லப் போறேன்? மாதா மேல சத்தியமா சொல்ல மாட்டேன்" என்று இன்பமேரி தன் தலையிலேயே கையை வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் ஜாய்ஸ் உண்மையாகவே படித்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் புவனாவை உட்காரவைத்து, அவளைக் கேள்வியாகக் கேட்டுக் கொன்றாள்.

"இந்த ஏழு அந்தப் பக்கம் போனா ஏன் கழித்தலாவுது? போற வழியில அதுக்கு இன்னா ஆவுது?"

"அது எங்கயும் போவலடி. மிஸ் சொன்னத நீ கேக்கல. ரெண்டு பக்கமும் ஒண்ணுன்னு எழுதியிருக்கு இல்ல? இந்தப் பக்கம் ஏழ எடுத்தா அந்தப் பக்கமும் ஏழ எடு. அப்பதான் ஒண்ணா இருக்கும். எங்க வூட்ல எனக்கும் தம்பிக்கும் எங்கம்மா மீன் வெக்கற மாதிரி. ஒருத்தன் தட்டுல எடுத்தா இன்னொருத்தன் தட்டுலயும் எடுக்கணும், இல்லன்னா சண்ட."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இத ஏண்டி பத்தாவதுல ஒருத்தரும் சொல்லல?"

"சொல்லியிருப்பாங்க. நீ செபம் சொல்லிகினு இருந்திருப்ப."

இன்னொரு நாள் வயதுக் கணக்கு. அப்பாவின் வயது மகளின் வயதைப் போல மூன்று மடங்கு. பன்னிரண்டு வருஷம் போனால் இரண்டு மடங்கு. ஜாய்ஸ் மகளை x என்று வைத்தாள், அப்பாவை மூன்று x என்று வைத்தாள், இரண்டு பக்கமும் பன்னிரண்டைக் கூட்டி எழுதினாள். மகளுக்குப் பன்னிரண்டு வந்தது, அப்பாவுக்கு முப்பத்தாறு.

"சரியாடி?"

"என்ன ஏன் கேக்கற? போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்து மகளுக்கு இருபத்துநாலு, அப்பாவுக்கு நாற்பத்தெட்டு. இரண்டு மடங்கு. சரி. ஜாய்ஸ் இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். ஒரு கணக்கு சரியா தப்பா என்பதை மிஸ்ஸையும் கேட்காமல், புத்தகத்தின் பின்பக்கத்தையும் புரட்டாமல், தானே தெரிந்துகொள்ள முடியும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கம்பெனி வரைக்கும் அவள் செய்தது சரியா என்று யாரோதான் எப்போதும் சொல்லிவந்தார்கள்.

வீட்டில் மகள் தனியாக உட்கார்ந்து எழுதுவதையும், எழுதியதைத் திரும்பப் போட்டுப் பார்த்துத் தானாகவே தலையாட்டுவதையும் இன்பமேரி பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். பிள்ளைக்குக் காபி போட்டுக் கொடுக்கலாம், விசிறி விடலாம். x-ஐ என்ன செய்ய முடியும்? என்ன செய்ய முடியுமோ அதைச் செய்யக் கோயிலுக்குப் போனாள்.

கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை பூசைப் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பூசை வைக்க வேண்டும் என்றாள்.

"இன்னா கருத்தும்மா? செத்துப்போனவங்களுக்கா, நன்றிக்கா?"

"ரெண்டும் இல்ல அண்ணே. எம் பொண்ணு கணக்குல ஃபெயிலாயிட்டா. திரும்ப எழுதப் போறா. மாதா காதுல போட்டு வெக்கணும்."

"வர ஞாயித்துக்கெழம ரெண்டாம் பூசைக்கு யாரும் எழுதல. போட்டுடட்டுமா?"

"போடுங்க. ஆனா வெளில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது அண்ணே. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"எங்கிட்ட சொன்னது எங்கிட்டதான் இருக்கும். நீ போம்மா."

இரண்டு பேரும் மனசாரத்தான் பேசினார்கள். நீங்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பூசைக் கருத்து வாசிப்பது என்பது யாருக்கும் எதையும் சொல்வதாகாது. அது மணி அடிப்பதைப் போல, மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் போல, பூசையில் ஒரு பகுதி. இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னாரின் கால்வலி நீங்க என்று சாமியார் வாசிப்பார். சனங்கள் முட்டாக்கைச் சரிசெய்துகொண்டு, பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டு இருப்பார்கள். இன்பமேரி கடவுளிடம் பேசினாள். ஊரிடம் பேசியதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

தவக்காலத்து ஞாயிறு. கோயில் நிறைந்திருந்தது. ஜாய்ஸ் பெண்கள் பக்கத்தில் அம்மாவோடு இருந்தாள். பாடகர் குழுவோடு லியோ பிரகாஷ் கீபோர்டில் இருந்தார். சாமியார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசித்தார்.

"இன்றைய திருப்பலியை, யாகப்பன், இன்பமேரி குடும்பத்தினர், கணக்குத் தேர்வில் தோல்வியடைந்த தங்கள் மகள் ஜாய்ஸ், நடக்கவிருக்கும் மறுதேர்வில் வெற்றி பெற வேண்டி ஒப்புக்கொடுக்கிறார்கள்."

கோபுரத்து ஒலிபெருக்கியில் அது தெருவெல்லாம் போயிற்று. வழக்கமாக இதற்கெல்லாம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அன்றைக்குக் கணக்கு என்ற சொல் புதிதாக இருந்ததால் முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். வருகைப் பாடல் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. பாடகர் குழுவில் ஒரு பெண் லியோவின் தோளைத் தொட்ட பிறகுதான் கீபோர்டு சத்தம் வந்தது.

ஜாய்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டே பூசை முழுக்க நின்றாள். இன்பமேரி அவள் காதருகே குனிந்து, "மாதா கேட்டிருப்பாங்கடி" என்றாள், சந்தோஷமாக.

வீட்டுக்கு வரும் வழியில் ஜாய்ஸ் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "யாருகிட்டயும் சொல்லாதன்னு சொன்னனே."

"யாருகிட்டயும் சொல்லலடி. மாதாகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த யாகப்பன் சிரித்துவிட்டார். "ஆமா. மாதாகிட்ட மைக்குல சொன்ன."

"நீ சும்மா இரு. பொண்ணுக்காவ ஒரு நாளு கோயில் படி ஏறியிருப்பியா?"

அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். ஜாய்ஸ் பின்தங்கி நடந்தாள். என்ன போய்விட்டது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை லியோ பிரகாஷ் அவளைப் பெல்ட்டை விட்டுத் தள்ளி, பெட்டிகள் அடுக்கியிருந்த மூலைக்குக் கூப்பிட்டார்.

"ஃபெயிலானத நான் ஒண்ணும் சொல்லல. நானே டிப்ளமால அரியர் வெச்சி வெச்சி முடிச்சவன். ஆனா என்ன நிக்கவெச்சி பாஸுன்னு சொன்ன பாரு, அதான்."

"திரும்ப எழுதப் போறேன் சார். இப்ப எனக்குத் தெரியும் சார். எந்தக் கணக்கு வேணா குடுங்க, இங்கயே போடறேன்."

"கணக்கு தெரிஞ்சி இன்னா? குவாலிட்டில உக்காந்துகினு, அகலம் தப்பா இருக்கற மூடிய சரின்னு சொல்லுவ. அப்ப எவன் தலை உருளும்? என் தலை. நான்தான நம்பலாம்னு சொன்னேன்."

ஜாய்ஸ் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனாள். கேட்டிருந்தால் ஒருவேளை மனம் இறங்கியிருப்பார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"போன ஆடி மாசம் வெளிலேர்ந்து செக் பண்ண ஆளு வந்தாங்களே சார். அளக்காத பெட்டிய அளந்துட்டோம்னு எங்கள எல்லாம் சொல்லச் சொன்னது யாரு?"

லியோ பிரகாஷ் சுற்றுமுற்றும் பார்த்தார். "அது கம்பெனிக்காவ சொன்னது."

"நான் எனக்காவ சொன்னேன் சார்."

"போ. போயி லைன்ல நில்லு."

நின்றாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் புவனா டிபன் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"உன் பேர எடுத்துட்டாரு. மேனேஜர் ஏன்னு கேட்டாராம். உனக்கே விருப்பம் இல்லன்னு சொல்லியிருக்காரு."

"பொய் சொன்னா வேல இல்லன்னு எங்கிட்ட சொன்னாரேடி."

"அவருக்கு அவரு பேரக் காப்பாத்தணும் இல்ல?" புவனா மூடியைத் திருகித் திறந்தாள். "நான் போயி மேனேஜர்கிட்ட சொல்லட்டா?"

"சொன்னா உன் பேரும் போவும். சாப்பிடு."

புவனா சாப்பிட்டாள். அவளைக் குறை சொல்ல ஜாய்ஸுக்கு மனம் வரவில்லை. ஆனால் அவள் சொல்லியிருக்கலாமே என்ற எண்ணமும் வராமல் இல்லை.

மறுதேர்வுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை இப்போது. இன்பமேரிக்கு அது தெரியாது. தேர்வன்று காலை புதுச் சுடிதாரை எடுத்து வைத்து, நெற்றியில் சிலுவை வரைந்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தாள். வீட்டிலேயே இருந்தால் காரணம் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்தே ஜாய்ஸ் பஸ் ஏறினாள்.

தாளைப் பார்த்தாள். முதல் கணக்கிலேயே கை ஓடியது. ஐந்திலிருந்து இரண்டு x-ஐக் கழித்தால் பதினொன்றை விடப் பெரியது என்று ஒன்று வந்தது. மைனஸால் வகுக்கும்போது பெரியது சின்னதாகத் திரும்பும், அதில்தான் எல்லோரும் விழுவார்கள். ஜாய்ஸ் திருப்பினாள். x மைனஸ் மூன்றை விடச் சின்னது. மைனஸ் நான்கைப் போட்டுப் பார்த்தாள், பதிமூன்று வந்தது, சரி. பூஜ்யத்தைப் போட்டுப் பார்த்தாள், ஐந்து வந்தது, பதினொன்றை எட்டவில்லை, அதுவும் சரியாகத்தான் பொய்த்தது. ஒவ்வொரு கணக்குக்குப் பக்கத்திலும் அப்படிப் போட்டுப் பார்த்து எழுதினாள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதற்காக எழுதுகிறோம் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்தே போனாள்.

தாளைக் கொடுத்தபோது செல்வகுமாரி மிஸ் நின்ற இடத்திலேயே அதைப் புரட்டினார்.

"இந்த வாட்டி நீதான் எழுதியிருக்க" என்றார். பிறகு, "வர வருஷம் டிகிரி சேந்துடேன்ம்மா. அப்ளிகேஷன் நான் வாங்கித் தரேன்" என்றார்.

"சரி மிஸ்" என்று ஜாய்ஸ் சிரித்தாள். ஈஸ்டரோடு வேலை போகிறவள் எந்தப் பணத்தில் டிகிரி சேருவது என்று அந்த நல்ல மனுஷியிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ரிசல்ட் வந்த அன்று இன்பமேரி காலில் சக்கரம் கட்டிக்கொண்டாள். ஒரு டம்ளர் சர்க்கரையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்தாள். "மாதா கை விடல பாருக்கா. பூசை வெச்சேன், பாஸ்." திரும்பி வந்தவள் மகளின் வாயிலும் சர்க்கரையைப் போடக் கையை நீட்டினாள். ஜாய்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாதாவாம்மா வந்து பரீட்ச எழுதினாங்க?"

"சீ, இன்னா பேச்சு இது? வாயில போட்டுக்கோ."

"வேணாம். எனக்கு வேல இல்லம்மா. ஈஸ்டரோட நிறுத்திடுவாங்க. பேர எடுத்துட்டாங்க."

"பாஸாயிட்டியே. ஏன் எடுக்கறாங்க?"

அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. லியோவிடம் பாஸ் என்று சொன்னது, பூசையில் அவர் கேட்டது, திங்கட்கிழமை நடந்தது, எல்லாம். "உன் பூசையாலதான் போச்சி. ஊருக்கே மைக் போட்டு சொல்லிட்டு இப்ப சர்க்கர குடுக்கற."

இன்பமேரியின் கையில் சர்க்கரை பிசுபிசுத்தது. அதைத் தட்டிவிடவும் தோன்றாமல் நின்றாள். யாகப்பன் அருவாளுக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தவர், அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"வுடு ஜாய்ஸ்."

"இருய்யா." இன்பமேரி கணவனைக் கையமர்த்தினாள். மகளைப் பார்த்துத்தான் பேசினாள், சத்தம் போடாமல். "அவன்கிட்ட பாஸுன்னு சொன்னத எங்கிட்ட ஏண்டி சொல்லல? சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டனே."

ஜாய்ஸ் சர்க்கரை டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"ஊருக்குத் தெரியக் கூடாதுன்ன, சரி. எனக்கும் தெரியக் கூடாதா? உங்கணக்கு எனக்கு ஒரு எழுத்து புரியாது. நீ ராவும் பகலும் எழுதிகினு கெடக்கற. நான் பாத்துகினே சும்மா குந்தியிருக்கணுமா? எனக்குப் போவறதுக்கு அது ஒண்ணுதாண்டி எடம் இருக்குது."

சொல்லிவிட்டு அவள் தோட்டப் பக்கம் போய்க் கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜாய்ஸ் போய் அம்மாவின் தோளைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. வேலை போனதை அம்மாவின் மேல் போட்டுவிட்டால் தன் பங்கு கொஞ்சம் குறையும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. குறையவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று என்று நினைக்காதீர்கள். சாப்பிட வா என்பாள் அம்மா, துணி எடுத்து வை என்பாள். ஆனால் கம்பெனியைப் பற்றி இன்பமேரி ஒரு வார்த்தை கேட்பதில்லை. மகளும் சொல்வதில்லை.

ஈஸ்டர் முடிந்து புது மிஷின் வந்து இறங்கியது. பேக்கிங் பெண்களை வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புவனேஸ்வரி வெள்ளைக் கோட்டில் இருந்தாள். பக்கத்து நாற்காலி காலி. அதற்கு ஆள் பார்க்கவே இல்லை, இருக்கிறவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று மேனேஜர் விட்டுவிட்டாராம். புவனா கையைத் தூக்கினாள். ஜாய்ஸும் தூக்கினாள். நடுவில் கண்ணாடி, ஒருத்தி பேசுவது ஒருத்திக்குக் கேட்காது.

வாசலில் லியோ பிரகாஷ் நின்றிருந்தார். "ஞாயித்துக்கெழம கோயில்ல பாப்போம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சரிங்க சார்" என்றாள் ஜாய்ஸ். இனி அவர் அவளுக்குச் சார் இல்லை. ஆனாலும் அண்ணே என்று வாயில் வரவில்லை.

அடுத்த வாரம் அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி, வேறொரு கம்பெனி வாசலில் கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர் பெண்களை எடுத்துக்கொண்டிருந்தார். வேப்பமர நிழலில் வரிசை நின்றது. ஜாய்ஸுக்கு முன்னால் நின்ற பெண், தபாலில் பி.ஏ. படிப்பதாகப் பெருமையாகச் சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"படிக்கற பொண்ணா? வேணாம்மா. படிச்சதுங்க வந்த உடனே பி.எஃப். எங்க, லீவு எங்கன்னு கேக்கும். நமக்குத் தாங்காது. அடுத்து யாரு?"

அந்தப் பெண் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தாள். ஜாய்ஸ் முன்னால் போனாள். சர்ட்டிபிகேட் அவள் பையில்தான் இருந்தது, பிளாஸ்டிக் உறைக்குள். காலையில் அதை எடுத்து வைத்தபோது இதைக் காட்டினால் கொஞ்சம் மேலே ஏதாவது கிடைக்கும் என்றுதான் நினைத்திருந்தாள்.

"இன்னா படிச்சிருக்க?"

"பிளஸ் டூ சார். தையல்."

"அதுக்கு மேல ஏதாச்சும்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"கணக்கு வருமா? டப்பாவ எண்ணிப் போடணும்."

ஜாய்ஸ் பையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நூறு வரைக்கும் எண்ணுவேன் சார்."

"அது போதும்" என்றார் அவர். "உள்ள போ."